வெயில் மிகுந்த ஊரில் பழைய வீட்டுக்கு வெப்பக்காப்பு பயன்படுமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டவரை திருப்பிச் சொல்கிறேன். நாற்பது ஆண்டு பழைய வீடு, தட்டையான கான்கிரீட் தளம், மேல்மாடியில் இரண்டு அறைகள், அவற்றில் ஒன்றில் மட்டும் குளிர்சாதனம். பொழுது சாய்ந்து நான்கு மணி நேரம் ஆன பிறகும் மின்விசிறி அனலையே வீசுகிறது. ஒருவர் மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு அடித்தால் போதும் என்கிறார். இன்னொருவர் தளத்தின்மேல் தெர்மாகோல் பதித்து ஓடு ஒட்டச் சொல்கிறார். மூன்றாமவர் அறைக்குள் தளத்துக்குக் கீழே பால்ஸ் சீலிங் அடித்து அதற்குமேல் கிளாஸ் வூல் என்னும் கண்ணாடி இழைப் பஞ்சு விரிக்கலாம் என்கிறார். இதற்கிடையில் உறவினர் ஒருவர், இதெல்லாம் குளிர்நாட்டு வேலை, இங்கே செய்தால் வெப்பம் உள்ளேயே அடைபட்டுவிடும் என்று சொல்லி உங்களைத் தயங்க வைத்திருக்கிறார். எந்தப் பொருள் சிறந்தது என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். பொருளின் பெயரைப் பிறகு பார்ப்போம். வெப்பம் உங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது, அதை அந்த வழியில் எந்த இடத்தில் தடுப்பது என்ற இரண்டும் தெளிவானால், பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். கட்டடங்களின் வெப்பச் சிக்கல்களைப் பார்ப்பதே பல ஆண்டுகளாக என் வேலை என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

உறவினர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது முழுத் தவறு அல்ல. வெப்பக்காப்புப் பொருளுக்கு உள், வெளி என்ற வேறுபாடு தெரியாது. வெப்பம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும் வேகத்தை அது குறைக்கிறது, அவ்வளவுதான். குளிர்நாட்டில் வீட்டுக்குள் மூட்டிய வெப்பம் வெளியேறாமல் காப்பதும், வெயில்நாட்டில் 65 டிகிரிக்குக் காய்ந்த தளத்தின் வெப்பம் 32 டிகிரி உள்ள அறைக்குள் இறங்காமல் காப்பதும் ஒரே பொருளின் ஒரே செயல். அடைபடும் என்ற அச்சம் எப்போது உண்மையாகும் என்றால், வீட்டுக்குள்ளேயே உண்டாகும் வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லாதபோது. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். குளிர்பதனப் பெட்டி, விளக்கு, தொலைக்காட்சி எல்லாம் தம் பங்குக்குச் சேர்க்கின்றன. இரவில் சன்னலைத் திறந்து இந்த வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாத அறையில் அவர் சொல்வது நடக்கக்கூடும். ஆனால் வெயில் நேரத்தில் காப்பில்லாத தளம் வழியாக இறங்கும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் இந்த உள்வெப்பம் சிறிய தொகை என்பதைக் கீழே உள்ள கணக்கு காட்டும்.

நடுப்பகலில் தெளிந்த வானத்திலிருந்து ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. அழுக்கேறிப் பழுப்பான பழைய கான்கிரீட் அதில் முக்கால் பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது. காற்று 38 டிகிரியாக இருக்கும்போது அதன் மேற்பரப்பு 60, 65 டிகிரியை எட்டுவது மிகச் சாதாரணம். ஆறு அங்குலக் கான்கிரீட்டுக்கு வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றல் மிகக் குறைவு. தடிமனாக இருப்பதால் தடுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. நண்பகலில் ஏறிய வெப்பம் நான்கைந்து மணி நேரம் கழித்துக் கீழ்ப்பரப்பில் வெளிப்படுகிறது. உங்கள் அறை மாலையில் உச்சத்தைத் தொட்டு இரவு வரை தணியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அதோடு, கூரை காற்றைச் சூடாக்குவது மட்டும் இல்லை, 40 டிகிரியில் நிற்கும் தளத்தின் அடிப்பரப்பு ஒரு மங்கிய அடுப்பைப்போல உங்கள் உடலை நோக்கி நேரடியாகக் கதிர்வீசுகிறது. காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பநிலை ஆகிய இரண்டின் சராசரியைத்தான் உடல் ஏறக்குறைய உணர்கிறது. எனவேதான் வெப்பமானியில் 33 காட்டும் அறை அதைவிடக் கூடுதல் வெப்பம்போல் புழுங்குகிறது. மின்விசிறியோ தளத்தை ஒட்டித் தேங்கியிருக்கும் சூடான காற்றடுக்கை இழுத்துத் தலைமேல் தள்ளுகிறது.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். தொடாமலே அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு அளக்கும் கைத்துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி, இரவு ஒன்பது மணிக்குக் கூரையின் அடிப்பரப்பு, மேற்குச் சுவரின் உட்பரப்பு, வெயிலே படாத ஓர் உட்சுவர் ஆகிய மூன்றையும் அளந்து எழுதி வையுங்கள். பளபளப்பான உலோகத்திலும் கண்ணாடியிலும் அந்தக் கருவி தவறாகக் காட்டும். சாதாரணச் சுண்ணாம்பு அல்லது பெயின்ட் அடித்த சுவரில் நம்பலாம். உட்சுவரைவிடக் கூரை ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருந்தால் உங்கள் எதிரி தளம்தான். கூரையும் மேற்குச் சுவரும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் தளத்துக்கு மட்டும் செலவழித்து ஏமாற்றம் அடைவீர்கள். கருவி கிடைக்காவிட்டால் நாற்காலியில் ஏறி உள்ளங்கையைக் கூரையில் வைத்துப் பார்த்தாலும் போதும். வெதுவெதுப்பாக உணர்ந்தால் கூரை உங்கள் கையின் தோலைவிடச் சூடாக இருக்கிறது என்று பொருள்.

இனி மூன்று யோசனைகளையும் எண்களாக வைத்துப் பார்ப்போம். 12 சதுர மீட்டர் அறை, 150 மில்லிமீட்டர் கான்கிரீட், வெளிப்பரப்பு 65 டிகிரி, அறை 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், எந்தக் காப்பும் இல்லாத தளம் வழியாகச் சுமார் 1,500 வாட் இறங்குகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு அந்த அறையில் படுப்பதற்குச் சமம். வெள்ளைப் பூச்சால் வெளிப்பரப்பு 45 டிகிரிக்கு இறங்கினால் அது சுமார் 600 வாட்டாகிறது. பூச்சு இல்லாமல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். பலகை (தெர்மாகோலைப் போன்ற, ஆனால் நீர் எளிதில் ஏறாத நுரைப் பலகை) பதித்தால் சுமார் 220 வாட். அதையே 100 மில்லிமீட்டராக்கினால் சுமார் 120 வாட். பலகை 50 மில்லிமீட்டராகவே இருந்து, மேலே வெள்ளையும் இருந்தால் சுமார் 85 வாட். இது வெப்பநிலைகள் மாறாமல் நிற்பதாகக் கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் தளம் வெப்பத்தைப் பிடித்துவைத்துத் தாமதமாகத் தருவதால் உச்ச அளவு இதைவிடக் குறையும். ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடும்போது வரிசை மாறாது. முதல் 50 மில்லிமீட்டர் 1,280 வாட்டை நிறுத்துகிறது, அடுத்த 50 மில்லிமீட்டர் வெறும் 100 வாட்டைத்தான் நிறுத்துகிறது. தடிமனைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்பவரிடம் இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும். அந்தப் பணத்தை வெள்ளைப் பரப்புக்குச் செலவிடுவது மேல்.

வெள்ளைப் பூச்சைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது: புதிய நல்ல பூச்சு வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அதே அளவுக்கு உறுதியானது, அது அப்படியே இருக்காது என்பதும். தூசும் பாசியும் படிந்து ஓரிரு ஆண்டுகளில் 60 சதவீதத்துக்கு அருகில் இறங்கிவிடுவது வழக்கம். தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி மீளும். ஆகவே இது ஒருமுறை செய்துவிட்டு மறந்துபோகும் வேலை இல்லை. சாதாரணச் சுண்ணாம்பும் புதிதாக இருக்கும்போது நன்றாகவே வேலை செய்கிறது, மழையில்தான் கரைந்துபோகிறது. பூச்சுக்குள் நுண்ணிய பீங்கான் உருண்டைகள் இருப்பதால் அது வெப்பக்காப்பாகவும் இயங்கும் என்று சொல்லி விற்பவர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள். உலர்ந்த பூச்சின் தடிமன் 0.3 மில்லிமீட்டர். அது வெப்பத்தைக் கடத்தும் திறனைத் தாராளமாகக் குறைத்துக் கணக்கிட்டாலும், 50 மில்லிமீட்டர் பலகை தரும் தடையில் இருநூற்றைம்பதில் ஒரு பங்குதான் தேறும். அந்தப் பூச்சு பயன் தருகிறது என்றால் அது வெள்ளையாக இருப்பதால்தான், உருண்டைகளால் அல்ல. விலையை ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

தளத்தின்மேல் பலகை பதிப்பதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு: கான்கிரீட் காப்புக்கு உள்ளே வந்துவிடுகிறது. அது பகலில் காய்வதில்லை. காய்ந்து விரிவதும் இரவில் சுருங்குவதும் குறைவதால் கைப்பிடிச்சுவர் ஓரங்களில் விழும் விரிசல்களும் குறைகின்றன. ஆனால் பொருளைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணத் தெர்மாகோல் சிறு மணிகளை ஊதி ஒட்டியது. மணிகளுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு, நீண்ட நாள் ஈரத்தில் கிடந்தால் நீரை வாங்கிக்கொள்ளும். எக்ஸ்.பி.எஸ். பலகையும் அதே பாலிஸ்டைரீன்தான் என்றாலும் உருக்கிப் பிதுக்கியெடுத்ததால் அதன் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியிருக்கும், நீர் ஏறுவது மிகக் குறைவு, மேலே நடந்தாலும் தாங்கும். தெளித்து உறையவைக்கும் பாலியூரித்தேன் நுரை இவற்றைவிட மெல்லிய தடிமனிலேயே அதே காப்பைத் தரும், இடுக்குகளையும் அடைக்கும். ஆனால் வெயில் நேராகப் பட்டால் மஞ்சளித்துப் பொடியாக உதிரும் என்பதால் அதன்மேல் பாதுகாப்புப் பூச்சு கட்டாயம். மற்ற இரண்டையும்கூட வெயிலில் திறந்து விடக்கூடாது.

இந்த வேலையின் வெற்றி தோல்வியை முடிவு செய்வது வெப்பத்தைவிட நீர்தான் என்பேன். மாடியில் தெர்மாகோல் பதித்து மூன்று ஆண்டுகள் ஆன ஒரு வீட்டுக்குக் கூரையில் ஓதம் என்று அழைத்தார்கள். மழை நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது, மேலே ஓடுகள் காய்ந்து சுட்டன. ஓர் ஓட்டைப் பெயர்த்துச் சிமென்ட் கலவையையும் உடைத்துப் பலகையைத் தூக்கினால் அது கைக்குக் கனத்தது. ஓரத்தை அழுத்தியதும் விரலிடுக்கில் நீர் வழிந்தது. பழைய தளத்தின் விரிசல்களை அடைக்காமல், வாட்டத்தையும் சரிபார்க்காமல், பலகைகளை நேராகப் பரப்பி மேலே மூடியிருந்தார்கள். நீர் ஒரு மூலையில் நுழைந்து பலகைகளுக்கு அடியிலேயே ஓடி எதிர்மூலையில் சொட்டியதால், உள்ளிருந்து பார்த்த எவருக்கும் காரணம் பிடிபடவில்லை. அந்தப் பலகை வெப்பத்தையும் தடுக்கவில்லை, ஏனென்றால் காப்பாக வேலை செய்வது பலகைக்குள் அடைபட்ட காற்றுதான். காற்றின் இடத்தில் வரும் நீரோ காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துகிறது. எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் விரிசல்களை அடைத்து வாட்டத்தைச் சரிசெய்ய வேண்டும், பிறகு நீர்க்காப்புப் படலம் போட்டு, நீர் வெளியேறும் குழாய்களை அடைத்துத் தளத்தில் நீரைத் தேக்கி இரண்டு நாள் விட்டுக் கசிவைச் சோதிக்க வேண்டும், அதில் தேறிய பிறகே பலகை. நீர்க்காப்பு பலகைக்கு அடியில் இருக்கும்போது அது வெயிலிலிருந்தும் தப்புகிறது, நீண்ட நாள் உழைக்கிறது. இந்த அமைப்புக்கு எக்ஸ்.பி.எஸ். மட்டுமே பொருந்தும், தெர்மாகோல் பொருந்தாது.

எடையையும் கேளுங்கள். பலகை சதுர மீட்டருக்கு இரண்டு கிலோகூட வராது. அதன்மேல் போடும் ஓர் அங்குலச் சிமென்ட் கலவையும் ஓடும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 70 கிலோ வரும். 100 சதுர மீட்டர் மாடியில் ஏழு டன். நாற்பது ஆண்டு பழைய தளம் இதைத் தாங்குமா என்பதை எழுத்து வழியாக நானோ வேறு எவருமோ சொல்லக் கூடாது. கம்பி துருப்பிடித்த கறையோ, பூச்சு உதிர்ந்து கம்பி தெரிவதோ, சுத்தியலால் தட்டினால் பொத்தென்ற ஓசையோ கூரையில் எங்காவது இருந்தால், கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லும் வரை மேலே எதையும் ஏற்றாதீர்கள். முன்பு போட்ட கனமான பழைய பரப்பைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் எடை கூடாமலே வேலை முடிவதும் உண்டு.

உட்புறம் பால்ஸ் சீலிங் அடித்துப் பஞ்சு விரிப்பதைப் பல கட்டுரைகள் ஒரேயடியாக ஒதுக்குகின்றன. நான் அவ்வளவு கறாராக இல்லை. குளிர்சாதனத்தை இரவில் ஏழெட்டு மணி நேரம் மட்டும் ஓட்டும் படுக்கையறையில், காப்பு உட்புறம் இருந்தால் கனத்த கான்கிரீட்டைக் குளிர்விக்கும் சுமை இயந்திரத்துக்கு இல்லை, அறை விரைவாகக் குளிர்கிறது. மழைக்காலத்திலும் வேலை செய்யலாம், அறை அறையாகவும் செய்யலாம், மாடி உங்கள் கையில் இல்லாத அடுக்குமாடியில் வேறு வழியும் இல்லை. குறைகளும் உண்டு: தளம் வெயிலில் முன்போலவே காய்ந்து விரிந்து சுருங்கும், அறையின் உயரம் குறையும், மின்விசிறியின் கொக்கியை நீட்ட வேண்டும், தளம் ஒழுகினால் பஞ்சு முழுதாக நனைந்த பிறகே உங்களுக்குத் தெரியவரும். சன்னலைத் திறந்து இரவுக் காற்றை நம்பித் தூங்கும் அறைக்கு வெளிக்காப்பே பொருத்தம், ஏனென்றால் இரவுக் காற்றால் குளிர்ந்த கான்கிரீட் மறுநாள் பகலில் அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள அங்கே இருக்கும்.

உட்காப்பில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று ஈரப்பதம். 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் துளிர்க்கத் தொடங்கும். குளிர்சாதனம் 24 டிகிரியில் ஓடும் அறையின் சீலிங் பலகை அந்த 27 டிகிரியைவிடக் குளிர்ந்தது. அதற்கு மேலே உள்ள இடைவெளியில் வெளிக்காற்று நுழைந்தால் பஞ்சின் வழியாக இறங்கிப் பலகையின் முதுகில் நீராகப் படியும். ஒரு வீட்டில் தளம் ஒழுகுகிறது என்று மாடியில் மூன்று முறை நீர்க்காப்புப் பூச்சு அடித்திருந்தார்கள்; சீலிங்கைத் திறந்து பார்த்தால் கான்கிரீட் முற்றிலும் காய்ந்திருந்தது, பஞ்சின் அடிப்பகுதி மட்டும் நனைந்து கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. நீராவித் தடுப்புப் படலத்தை அறையின் பக்கம் வைக்க வேண்டும் என்று குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்வதை இங்கே அப்படியே பின்பற்றினால் நேர்மாறான பலன் கிடைக்கும். ஈரப்பதம் மிகுந்த வெப்பநாட்டில் படலம் சூடான வெளிப்பக்கத்தில், அதாவது பஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். சுவரை ஒட்டிய ஓரங்களையும் விளக்குகளுக்கு இட்ட துளைகளையும் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அதே காரணத்துக்காகக் குளிர்சாதன அறையின் வெளிச்சுவரில் உட்புறம் பிளாஸ்டிக் சுவர்த்தாள் ஒட்ட வேண்டாம்.

பழைய வீடு என்பதால் மின்கம்பிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பியில் உண்டாகும் சூடு வெளியேறினால்தான் அது தன் முழு மின்னோட்டத்தைத் தாங்கும். முழுதும் பஞ்சுக்குள் புதைத்தால் தாங்கும் அளவு பாதியாகக் குறையக்கூடும். நாற்பது ஆண்டுக்கு முன் போட்ட கம்பியில் இன்று குளிர்சாதனம் ஓடுகிறது என்றால் அதைப் புதைக்கும் முன் மாற்றிவிடுங்கள். பி.வி.சி. உறையுள்ள கம்பி தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டு கிடக்கவும் கூடாது. உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்ல மெல்லத் தெர்மாகோலுக்குள் போய்விடுவதால் உறை விறைத்து வெடிக்கும், தெர்மாகோலும் உருகினாற்போல் குழியும். நுரைப் பலகை எதுவாயினும் எரியும், நச்சுப்புகை விடும். உட்புறம் பொருத்தினால் ஜிப்சம் பலகையாலோ சிமென்ட் பூச்சாலோ மூடியே தீர வேண்டும். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் 72 உயிர்களைப் பறித்த கிரென்ஃபெல் கோபுரத் தீ, புதுப்பிப்பு வேலையின்போது வெளிச்சுவரில் பொருத்திய பாலிஎத்திலீன் நடுப்பகுதி கொண்ட அலுமினியத் தகடுகள் வழியாகவே அவ்வளவு வேகமாக ஏறியது என்றும், அவற்றின் பின்னிருந்த நுரைப் பலகைகளும் அதற்குத் துணைபோயின என்றும் விசாரணை கண்டறிந்தது. அது பல மாடிக் கட்டடம், உங்களுடையது வீடு. ஆனாலும் வெளிச்சுவரில் அலங்காரத் தகடு பொருத்தச் சொல்பவரிடம் அதன் நடுப்பகுதி எதனால் ஆனது என்று கேளுங்கள். வீட்டின் எந்தப் பகுதியிலாவது பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட் தகடு இருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ சுரண்டவோ வேண்டாம்.

உங்கள் வீட்டின் பின்பகுதியில் தகரக் கூரை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே நிலைமை வேறு. தகரத்துக்குத் தாமதப்படுத்தும் கனம் இல்லை. வெயில் பட்ட சில நிமிடங்களில் அது கீழ்நோக்கிக் கதிர்வீசத் தொடங்குகிறது. அங்கே பளபளப்பான அலுமினியத் தாள் நல்ல பயன் தரும், ஏனென்றால் சாதாரணப் பரப்பு தன் வெப்பநிலைக்கு ஏற்ப வீச வேண்டிய கதிரில் 90 சதவீதத்தை வீசும்போது, பளபளக்கும் அலுமினியம் 5 சதவீதத்தைத்தான் வீசுகிறது. நிபந்தனை ஒன்றுதான்: பளபளப்பான பக்கத்துக்கு எதிரே ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். தகரத்தோடு ஒட்டிவைத்து அடியிலும் பலகையை நெருக்கி அடித்தால் அது வெறும் உலோகத் தாள், வெப்பம் தொட்டுத் தொட்டு இறங்கிவிடும். பளபளப்பை மேல்நோக்கி வைத்தால் தூசு படிந்து பயன் குறையும், ஆகவே கீழ்நோக்கி வையுங்கள்.

சுவர்களைப் பற்றிச் சுருக்கமாக: கதிரவன் உச்சியில் நிற்கும் வெப்பநாடுகளில் தளம் வாங்கும் வெயிலோடு ஒப்பிடச் சுவர் வாங்குவது குறைவு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குக் காப்புப் பலகை ஒட்டுவதை நான் கடைசியில்தான் பரிந்துரைப்பேன். மேற்குச் சுவருக்கு நிழலும் வெளிர்நிறமும் முதலில் கொடுத்துப் பாருங்கள். மேற்குச் சன்னல் அப்படியல்ல. மாலை வெயில் நேரே விழும் ஒன்றரைச் சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி வழியாக 700 வாட்டுக்கு மேல் உள்ளே வரக்கூடும். காப்பிட்ட தளம் முழுவதும் தருவதைவிட அது மூன்று மடங்கு. கனத்த திரைச்சீலை இதற்குத் தீர்வாகாது, வெயில் கண்ணாடியைத் தாண்டியதும் திரையே சூடேறி அறைக்குள் வெப்பத்தை விடுகிறது. சன்னலுக்கு வெளியே தொங்கும் தட்டியோ பலகை அடைப்போ அதில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடும். உங்கள் பட்டியலில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தரும் வேலை இதுவாகவே இருக்கலாம்.

குளிர்சாதனம் இல்லாத உங்கள் இரண்டாவது அறைக்குக் காப்பு வேண்டுமா என்பதில் மட்டும் நான் ஒற்றைச் சொல்லில் பதில் தர மாட்டேன். வறண்ட, வானம் தெளிந்த ஊர்களில் திறந்த தளம் இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை வீசி நன்றாகவே குளிரும்; காப்பு அந்தக் குளிர்ச்சியையும் தடுக்கும். ஈரம் மிகுந்த, மேகம் மூடிய ஊர்களில் அந்தக் குளிர்ச்சியே சொற்பம், இழப்பதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. பகலிலும் அறையைப் பயன்படுத்துவதாக இருந்தால் தயங்காமல் காப்பிடலாம், பகல் முழுதும் சன்னலை மூடியும் வெளிக்காற்று அறைக்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு எதிரெதிரான இரண்டு சன்னல்களைத் திறந்தும் வைக்கும் பழக்கம் இருந்தால். இரவில் மட்டும் படுக்கும் அறை என்றால் முதலில் வெள்ளைப் பூச்சோடு ஒரு கோடையைக் கழித்துப் பாருங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்தக் கோடைக்கு மேற்குச் சன்னலுக்கு வெளித்தட்டி, மாடிக்கு வெள்ளைப் பூச்சு, இவற்றோடு நிறுத்திக்கொள்வேன். பூச்சடிப்பதற்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் இரவு ஒன்பது மணிக்கு அந்த மூன்று பரப்புகளையும் அளந்து குறித்துவைப்பேன். நீர்க்காப்பை எப்படியும் புதுப்பிக்க வேண்டிய ஆண்டு வரும். அப்போது தளம் திறந்திருக்கும், ஆள்கூலியும் எப்படியும் ஆகத்தான் போகிறது, 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். பலகையை அந்த வேலையோடு சேர்த்துவிடுவேன், மேலே போடும் ஓடும் வெளிர்நிறமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். நீங்கள் அளந்த எண்களையும், தளத்தின் தடிமனையும், மாடியில் இப்போது என்ன போட்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். உங்கள் அறைக்கான கணக்கை அவற்றைக் கொண்டு போட்டுத் தருகிறேன்.